கேலி என்று எழுதிவிட்டார்கள்

புக்காருமி
6 மார்ச் 2017

என் மகள் நெலிதாவுக்கு,

மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் வைத்துவிட்டாய். நான்காவது முறை ஒரு அம்மாள் எடுத்து, நீ தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னாள். எல்லை எங்கே முடிகிறது என்று அவளிடம் விசாரித்துப் பார்த்தேன். அவளும் வைத்துவிட்டாள். அதனால்தான் காகிதம். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து இது. புரியாத இடத்தில் உனக்குத் தோன்றியதைப் போட்டுப் படித்துக்கொள்.

உன் கோபம் நியாயம்தான். நம் ஊரில் சிக்னல் வேண்டுமென்றால் தேவாலயத்துக்கு எதிரே உள்ள பெஞ்சின் மேல் ஏறி நிற்க வேண்டும். அதில் நின்றுகொண்டு, நீ பகல் சாப்பாட்டில் இருக்கும்போது, முதலில் என் பஞ்சர் கடைக்கு லாரி டியூப் வாங்கி அனுப்பச் சொன்னேன். பிறகு அம்மாவைப் பற்றிச் சொன்னேன். பிறகு மறுபடியும் டியூபின் அளவைச் சொன்னேன். இறங்கிய பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது. "நீயே சொல்லிடு, என் வாயால அவகிட்ட வராது" என்று அம்மாதான் என்னிடம் ஒப்படைத்தாள். ஒப்படைக்க அவளுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன். இன்றைக்கு மருத்துவமனை இருக்கிற மேட்டில் அன்றைக்குப் படைமுகாம் இருந்தது. எண்பத்தைந்தாம் வருடம் உன் அம்மாவுக்குப் பதினேழு வயது. சிப்பாய்கள் பிடித்துக்கொண்டு போன தன் அண்ணனைப் பற்றிக் கேட்கப் போனாள். அண்ணன் கடைசிவரை வரவில்லை. அவளை மூன்று நாள் வைத்திருந்தார்கள். அதற்கு மேல் என் பேனா ஓடவில்லை.

2002-இல் அரசு விசாரணை ஆணையத்துக்காக லிமாவிலிருந்து ஒரு பெண்மணி ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து, முகாம் காலத்தைப் பற்றி வீடு வீடாகக் கேட்டாள் அல்லவா? அப்போது அம்மாவும் வாக்குமூலம் கொடுத்தாள். அந்தப் பெண்மணிக்கு நம் மலைமொழி கெச்சுவா தெரியாது. அம்மா தனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் சொன்னாள்: "முகாம்ல சிப்பாய்ங்க என்னைக் கேலி பண்ணிட்டாங்க." மலைப்பெண்கள் அந்தக் கொடுமைக்கு ஸ்பானிஷில் சொல்கிற வார்த்தை அதுதான் என்பது உனக்கும் தெரியும். அந்தப் பெண்மணி கேட்டதைக் கேட்டபடி எழுதிக்கொண்டாள்.

பதினைந்து வருடம் கழித்து இப்போது வழக்கு நீதிமன்றம் ஏறியிருக்கிறது. பட்டியலில் நம் ஊர்ப் பெண்கள் எட்டுப் பேர். அம்மா இல்லை. வக்கீல் இர்மா போன வாரம் வந்தாள். (வழியில் இரண்டு பஞ்சர். ஒட்டிக் கொடுத்தேன்.) யாரோ ஓர் எழுத்தர் அம்மாவின் தாளைப் பார்த்துவிட்டு 'சொல்லால் அவமதித்தது' என்று எழுதி ஓரமாக வைத்துவிட்டானாம். ஜூன் மாத விசாரணைக்குள் அம்மா நேரில் வந்து, வெளிப்படையான வார்த்தையில் சொன்னால், ஒன்பதாவது பெயராகச் சேர்ப்பார்களாம். இல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் கிடையாது.

அம்மா முடியாது என்கிறாள்.

"ஒரு வாட்டி சொன்னா பத்தாதா? நான் என்ன சந்தையில கூவி விக்கறேனா?"

"அம்மா, அங்க உக்காந்திருக்கறவங்களுக்குப் புரியலம்மா" என்றாள் இர்மா.

"ஏன் புரியாது? இதோ நிக்கறானே, கடற்கரைக்காரன். மலைப்பேச்சு ஒரு வார்த்த தெரியாம லாரியில வந்து இறங்கின ஆளு. கல்யாணத்துக்கு முன்னாடி இவன்கிட்ட ஒரே வார்த்ததான் சொன்னேன். உடனே புரிஞ்சுக்கிட்டான். படிச்ச நீதிபதிக்குப் புரியாதா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையிலிருந்த டியூபைப் பார்த்தேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

நீ அம்மாவோடு பேசு. உன் பேச்சுக்குத்தான் மரியாதை இருக்கிறது. பேருந்து ஓட்டுநரிடம் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு கொடுத்திருக்கிறேன். கட்டியது அம்மா, அதனால் வந்து சேரும்.

உன் அப்பா
ஃபோர்த்துனாத்தோ


லிமா
19 மார்ச்

அப்பா,

டியூப் அனுப்பியிருக்கிறேன். அளவு சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்ன அன்று சாப்பிட்டு முடித்ததும் எனக்கு வகுப்பு. நாலு வயதுக் குழந்தைகள் இருபத்திரண்டு பேர். வாத்துப் பாட்டு சொல்லித்தர வேண்டிய நாள். பாடினேன். முன்வரிசையில் ஒரு வாண்டு, "டீச்சர், உங்க வாத்து மட்டும் ஏன் அழுவுது?" என்று கேட்டது. அதோடு பாட்டு முடிந்தது.

அன்றிலிருந்து ஒரே விஷயம் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் அம்மா வாசலில் நிற்பாளே, பையைக்கூட வாங்காமல், "இன்னிக்கு உன்னை யாராவது கேலி பண்ணாங்களாடி?" என்று கேட்பாளே, ஞாபகம் இருக்கிறதா? நான் ஒருநாள் விடாமல் பதில் சொல்வேன். "ஆமாம்மா, ருஃபினா என் மூக்கு கிழங்கு மாதிரி இருக்குன்னு சொன்னா." அம்மா சிரிப்பாள். எத்தனை சந்தோஷமாகச் சிரிப்பாள்! என் மூக்கைக் கிழங்கு என்றதற்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்குக் கோபமாக வரும். ஆறாம் வகுப்புவரை கேட்டாள் அப்பா. பிறகு பெரியவளான பிறகும் கேட்டாள், வேறு குரலில். எனக்கு எதுவுமே புரியவில்லை. ஊரில் பெரியவர்கள் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன், ஆனால் வாசலில் நின்ற அம்மாவோடு அதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் லீவு கேட்டபோது தலைமையாசிரியை காரணம் கேட்டார். அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது. அம்மா என்ன தப்பு செய்தாள், நான் ஏன் அவள்மேல் ஒரு கல்லைச் சுமத்தினேன்? அன்றிலிருந்து கண்ணாடி பார்க்கப் பிடிக்கவில்லை.

நான் உங்கள் பெண்தானே? விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். முகாம் எண்பத்தெட்டில் போய்விட்டது, நான் பிறந்தது தொண்ணூற்றொன்றில். சரியாகத்தான் வருகிறது. இருந்தாலும் நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள்.

அந்த டியூபில் என்ன பார்த்தீர்கள்? 'பிறகு எழுதுகிறேன்' என்பதெல்லாம் என்னிடம் வேண்டாம். இப்போதே எழுதுங்கள்.

நெலிதா


புக்காருமி
2 ஏப்ரல்

மகளே,

முதலில் மூக்கு. என் அப்பாவின் படத்தை நீ பார்த்திருக்கிறாய். அந்தக் கிழங்கு கடற்கரையில் எங்கள் இக்கா மண்ணில் மூன்று தலைமுறையாக விளைகிறது. அதை வேறு எவன் தலையிலும் கட்ட எந்த நீதிமன்றத்தாலும் முடியாது. நீ என் பெண். பிரசவத்தன்று வெளியே நின்று மயங்கி விழுந்தவன் நான்தான். மருத்துவச்சி உன்னை விட்டுவிட்டு என்னைக் கவனித்ததை இன்றும் இந்த ஊர் மறக்கவில்லை.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சிலதைத் தாண்டிவிட்டேன். "இவ்ளோ பெரிய தாள்ல இவ்ளோதான் எழுதினாளா?" என்று தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுத்து தெரியாதவளை ஏமாற்றுவது சுலபம் என்று யார் சொன்னது?

இப்போது அந்த டியூப்.

எண்பத்தொன்பதில் லாரி இங்கே படுத்துவிட்டது. உதிரிபாகம் வர நாற்பது நாள் ஆனது. நாற்பது நாளும் உன் அம்மா வீட்டில்தான் சூப் வாங்கிக் குடித்தேன். கடைசியில் ஒரு மத்தியானம் லாரிப் படியில் உட்கார்ந்து, கட்டிக்கொள்கிறாயா என்று கேட்க வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இரு. கேக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கோ. முகாம்ல சிப்பாய்ங்க என்னைக் கேலி பண்ணிட்டாங்க."

நான் கடற்கரைக்காரன். எங்கள் ஊரில் கேலி என்றால் கேலிதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அட, அவ்ளோதானா? இக்காவுலேர்ந்து இங்க வரைக்கும் என்னைக் கேலி பண்ணாத ஆளே கெடையாது. இந்த லாரிகூட நாப்பது நாளா பண்ணுது."

அவள் என்னையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். என் நகைச்சுவைக்கு அப்படி ஒரு வரவேற்பு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. நான் பெருமையில் மிதந்தேன்.

ஆறு வருடம் ஒன்றும் தெரியாமல் குடும்பம் நடத்தினேன். உனக்கு நாலு வயது இருக்கும்போது, கால்பந்து மைதானத்தில் ஒருவன் குடித்துவிட்டுச் சொன்னான்: "முகாம்காரன் மிச்சம் வெச்சத எடுத்துக்கிட்ட பெரிய மனுஷன் வரான், வழி விடுங்கடா!" ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, லாரிப் படியில் அவள் என்ன சொன்னாள், நான் என்ன பதில் சொன்னேன் என்று.

வீட்டுக்குப் போகவில்லை. கடைக்குப் போய் ஒரு டியூபை எடுத்து ஒட்டினேன். ஓட்டையே இல்லாத டியூப்.

அவளிடம் சொல்லவும் இல்லை. அவள் கண்ணில் நான் ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, ஒரு சிரிப்பில் கடந்து போனவன். ஊரில் என்னைப் பெரிய மனிதன் என்று நினைக்கிற ஒரே ஆள் அவள்தான். இருபத்திரண்டு வருடமாக அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறேன். அளவே சரியில்லை, தோளில் நழுவுகிறது. இருந்தாலும் கழற்ற மனம் வரவில்லை.

இப்போது அந்தச் சட்டையைக் காட்டித்தான் இர்மாவிடம் அவள் பிடிவாதம் பிடிக்கிறாள். எனக்கு ஒரு வழி சொல்.

அப்பா


லிமா
11 ஏப்ரல்

அப்பா,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன், பிறகு இல்லை. உங்கள் மேல் கோபப்படவும் தெரியவில்லை. நீங்கள் அப்படி ஓர் ஆள்.

ஆனால் வழி ஒன்றுதான். அம்மாவிடம் சொல்லுங்கள். நான் சொல்ல மாட்டேன், இர்மாவையும் சொல்ல வைக்காதீர்கள். 'ஒருத்தனுக்குப் புரிந்தது' என்ற நம்பிக்கையில்தான் அம்மா வேறு வார்த்தை தேட மாட்டேன் என்கிறாள். அந்த ஒருத்தனுக்கே புரியவில்லை என்று தெரிந்தால் அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. அழலாம். உங்களை வெளியே தள்ளலாம். ஜூன் போன பிறகு தெரிந்தால் மட்டும் மன்னிக்க மாட்டாள்.

தனியாகச் சொல்லுங்கள். பெஞ்சில் ஏறி நின்று அல்ல. நடுவில் டியூப் வேண்டாம். ஜோக் வேண்டாம் அப்பா, தயவு செய்து.

நெலிதா


புக்காருமி
23 ஏப்ரல்

மகளே,

சொல்லிவிட்டேன். உயிரோடு இருக்கிறேன். இந்தக் கடிதத்தைக் கடையிலிருந்து எழுதுகிறேன். காரணம் கீழே.

போன ஞாயிற்றுக்கிழமை கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினேன், தலை வாரினேன். அம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். என் தலையைப் பார்த்ததுமே, "யாரு செத்தாங்க?" என்று கேட்டாள். உட்கார்ந்து, லாரிப் படியிலிருந்து மைதானம்வரை எல்லாவற்றையும் சொன்னேன். ஜோக் சொல்லவில்லை. மிகவும் கஷ்டப்பட்டேன்.

உரிப்பதை நிறுத்தவில்லை. ஒரு கிண்ணம் நிரம்பிய பிறகு கேட்டாள்.

"அப்போ நான் என்ன சொன்னேன்னே தெரியாமதான் என்னைக் கட்டிக்கிட்டியா?"

"ஆமா."

"எத்தன வருஷம் தெரியாது?"

"ஆறு."

"தெரிஞ்சப்புறம்?"

"இருபத்திரெண்டு."

"அன்னிக்கே புரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

நெலிதா, இதற்கு ஒரு நல்ல பொய் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. "தெரியல தியோனிசியா" என்றேன். "இருபத்தாறு வயசு, பயந்தாங்கொள்ளி. லாரி ஓடற நெலமையில இருந்திருந்தா ஓடியிருப்பேனோ என்னவோ."

அப்போதுதான் எழுந்தாள். "அட பாவி மனுஷா! உனக்காக ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் மெழுகுவத்தி ஏத்தினேனே! இந்த மனுஷனுக்கு இவ்ளோ பெரிய மனசைக் குடுத்தியேன்னு அந்த மாதாவுக்கு நன்றி சொன்னேனே! எல்லாத்தையும் திருப்பிக் குடு!" என் போர்வை வெளியே வந்தது. பின்னாலேயே தலையணை வந்தது. தலையணை கொடுத்ததால் நம்பிக்கை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு வாரமாக டயர்களுக்கு நடுவில் படுக்கிறேன். முதுகுக்கு நல்லதுதான், கனவுதான் வட்டவட்டமாக வருகிறது. அவள் சமைக்கிறாள், வாசலில் வைக்கிறாள், போய்விடுகிறாள்.  பயந்துதான் போனேன். எதைச் சொல்லியிருக்கக் கூடாதோ அதைச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன்.

இன்று காலை சூப்போடு உள்ளே வந்தாள். டயர்மேல் உட்கார்ந்தாள்.

"யோசிச்சுப் பாத்தேன். உன்கிட்ட ஒரு வாட்டி சொன்னேன், வந்து சேரல. அந்த லிமாக்காரம்மாகிட்ட ஒரு வாட்டி சொன்னேன், அதுவும் சேரல. அப்போ முப்பத்திரெண்டு வருஷமா நான் இதை யாருகிட்டயும் சொல்லவே இல்ல."

"இப்ப எனக்குத் தெரியும்ல..."

"மைதானத்துல குடிகாரன் சொல்லித் தெரிஞ்சுக்கிட்ட. நான் சொல்லி இல்ல." சூப்பை என் பக்கம் தள்ளினாள். "அந்த வார்த்த உதவாது. கூட நாப்பது நாள் சூப் குடிச்சவனுக்கே புரியல. இர்மாவ வரச் சொல்லு. இன்னொரு வார்த்த இருக்கு. எனக்கும் தெரியும்."

நானும் லிமாவுக்கு வருகிறேன் என்றேன். வேண்டாமாம். "உன் மூஞ்சி எதிர்ல இருந்தா, அதுக்குப் புரியுதா புரியுதான்னு அதையேதான் பாத்துக்கிட்டிருப்பேன். நெலிதா வரட்டும்."

போகிற போக்கில், வீட்டுக்குள் வந்து படு என்று சொன்ன மாதிரி காதில் விழுந்தது. தப்பாகப் புரிந்துகொள்வதில் எனக்குள்ள அனுபவத்தை நினைத்து, இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அப்பா


லிமா
8 ஜூன்

அப்பா,

நேற்று முடிந்தது. அம்மா தூங்குகிறாள். காலை ஒன்பது மணி, இன்னும் எழவில்லை. இவள் இத்தனை நேரம் தூங்கி நான் பார்த்ததே இல்லை. எழுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நீதிமன்ற வாசலில் காவலர் அம்மாவின் தொப்பியைக் கழற்றச் சொன்னார். "அப்போ உன் தலையில இருக்கறது என்னப்பா?" என்றாள் அம்மா. தொப்பியோடுதான் உள்ளே போனோம். நம் ஊர்ப் பெண்கள் எட்டுப் பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ஓர் இடம் விட்டு. எதிர்ப்பக்கம் அன்றைய சிப்பாய்கள், நாலு கிழவர்கள். ஒருவர் காதில் கேட்கும் கருவி வைத்திருந்தார். நான் பயங்கரமான முகங்களை எதிர்பார்த்திருந்தேன். வங்கியில் பென்ஷன் வரிசையில் நிற்கிறவர்கள் மாதிரி இருந்தார்கள். அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

அம்மா கெச்சுவாவில் சொன்னாள், மொழிபெயர்ப்பாளர் ஸ்பானிஷில் சொன்னார். அண்ணனைக் கேட்டுப் போனது, கதவு, மூன்று நாள். பிறகு அந்த இடம் வந்தது. அம்மா மொழிபெயர்ப்பாளரைக் கையமர்த்திவிட்டு, நேராக நீதிபதியைப் பார்த்து, அந்த வார்த்தையை ஸ்பானிஷில் தானே சொன்னாள். செய்தவர்களில் தனக்குத் தெரிந்த நாலு பெயர்களையும் சொன்னாள். அதில் இரண்டு பெயர்கள் எதிரே உட்கார்ந்திருந்தன.

அவர்களுடைய வக்கீல் எழுந்தார். பளபளவென்று ஷூ.

"2002-இல் கேலி செய்தார்கள் என்றுதானே அம்மா சொன்னீர்கள்? இப்போது மாற்றிச் சொல்லக் காரணம் என்ன?"

"மாத்தல. அப்போ மூடிச் சொன்னேன், இப்போ தெறந்து சொல்றேன்."

"உங்கள் கணவரிடமாவது இப்படித் திறந்து சொன்னீர்களா?"

"இல்ல. மூடித்தான் சொன்னேன். அவருக்குப் புரியல."

"கணவருக்கே புரியவில்லையா?" என்று நீதிபதியைப் பார்த்துக் கையை விரித்தார்.

"நல்ல மனுஷன்தான், ஐயா. ஆனா கடற்கரைக்காரரு."

நீதிபதியின் உதட்டோரம் அசைந்ததை நான் பார்த்தேன். எங்கள் வரிசைப் பெண்கள் வாய்விட்டே சிரித்தார்கள். ஆனால் அந்த வக்கீல் விடவில்லை. "அப்படியென்றால், எல்லோருக்கும் புரிகிற வார்த்தை தெரிந்திருந்தும், இத்தனை வருடம் ஏன் அதைச் சொல்லவில்லை?"

அம்மா தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"கேக்கறவங்களுக்குக் கூசுமேன்னு பாத்தேன். அந்த லிமாக்காரம்மா சின்னப் பொண்ணு, பாவம். என் புருஷன் வாய் நெறய சூப்ப வெச்சிக்கிட்டுச் சிரிக்கற ஆளு. என் பொண்ணு பள்ளிக்கூடத்துலேர்ந்து வருவா. எல்லாருக்கும் கூசாம, நானே கூசிக்கிட்டு இருந்தேன். இனிமே என்னால ஆகாதுங்க. யாரு பண்ணாங்களோ அவங்க கூசட்டும்."

காதில் கருவி வைத்திருந்தவர் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நீதிபதி, "அதைத் திரும்ப மாட்டிக்கொள்ளுங்கள்" என்றார்.

மாலையில் உத்தரவு வந்தது. ஒன்பதாவது பெயர்: தியோனிசியா தைப்பே. தீர்ப்புக்கு இன்னும் வருடக்கணக்கில் ஆகலாம் என்கிறாள் இர்மா. அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வரிசையின் நடுவில் விட்டிருந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். இருபுறமும் இருந்தவர்கள் நகர்ந்து கொடுக்கவில்லை, நெருங்கி வந்தார்கள்.

பிறகு கடலைக் காட்டச் சொன்னாள். கொஞ்சநேரம் பார்த்தாள். "இதான் உங்கப்பன் பீத்திக்கிட்ட கடலா? இவ்ளோ தண்ணிய வெச்சுக்கிட்டு உன் வீட்டுக் குழாயில ஏன்டி ஒரு சொட்டு வரல?" என்றாள். இன்னும் பத்து நாள் இருக்கட்டும் அப்பா. எனக்கு வேண்டும்.

இன்னொன்று. விசாரணைக்கு லீவு கேட்கப் போனபோது தலைமையாசிரியையிடம் பித்தப்பைக் கல் பொய் என்று சொன்னேன், உண்மையையும் சொன்னேன். அவர் என்னைக் கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. "அன்னிக்கு உன் வகுப்ப நான் பாத்துக்கறேன், போ" என்றார். வாத்துப் பாட்டு அவருக்கும் தெரியுமாம்.

உங்கள் நெலிதா


புக்காருமி
12 ஜூன்

மகளே,

பேருந்து ஓட்டுநர் கொண்டுவந்த உன் கடிதத்தைக் கடை வாசலில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். நல்ல மனுஷன் என்று அரசாங்கத் தாளில் ஏறிவிட்டேன், பின்னாலேயே கடற்கரைக்காரன் என்றும் ஏறிவிட்டேன். இரண்டும் உண்மை என்று ஒத்துக்கொள்கிறேன்.

அம்மாவைப் பத்து நாள் வைத்துக்கொள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் வேறொன்று.

மேல்கிராமத்திலிருந்து கம்பளி நூல் கொண்டுவந்து விற்கிற பவுலினாவை உனக்குத் தெரியுமோ என்னவோ. அம்மாவைவிடப் பத்து வயது பெரியவள். எனக்கு அவளோடு பேச்சே கிடையாது. முந்தாநாள் காலை கடை வாசலில் வந்து நின்றாள். நான் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். வண்டி இல்லை. சைக்கிள்கூட இல்லை. அவளிடம் நான் ஒட்டித்தர எதுவும் இல்லை.

"தியோனிசியா இருக்காளா?"

"லிமாவுல இருக்கா. ஒரு வாரம் ஆகும்."

"லிமாவுல அவ சொன்னாளாமே. வானொலியில சொன்னாங்க."

"சொன்னா."

"பேரைச் சேத்துக்கிட்டாங்களா?"

"சேத்துக்கிட்டாங்க."

அவள் மூட்டையை இறக்கி வைத்தாள். தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்த லிமாக்காரம்மா வந்தப்போ நானும் கேலின்னுதான் சொன்னேன்."

அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். எனக்குப் புரிகிறதா என்று பார்த்தாள். புரிந்தது, நெலிதா. நான் எழுந்து, என் நாற்காலியைத் துடைத்து, அவளுக்குப் போட்டேன்.

நேற்றும் வந்தாள். இன்றும் வந்திருக்கிறாள், இதோ எதிரே உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.  ஒவ்வொரு பேருந்து வரும்போதும் தலையை நிமிர்த்திப் பார்க்கிறாள்.

அம்மாவிடம் சொல். இர்மாவின் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு வரச் சொல். இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலைப் பேருந்திலேயே அனுப்பு.

அப்பா